பின் பொருந்தினால் போதுமா? பழைய கீபோர்டு ஒன்றுக்கு அடாப்டர் தேடிய நிகழ்வு ஆய்வு

போன வருடம் கத்திரி வெயில் நடுவில், குடியாத்தத்திலிருந்து ஒருவர் பழைய போர்வையில் சுற்றிய கீபோர்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு காட்பாடியில் இருக்கும் என் கடைக்கு வந்தார். லுங்கி நெசவு செய்பவர். ஆம்பூரில் வீட்டைக் காலி செய்த ஒரு குடும்பத்திடம் 2,500 ரூபாய் கொடுத்து அதை வாங்கியிருக்கிறார். காசியோ, ஐந்து ஆக்டேவ், இருபது வருடத்துக்கு மேல் பழசு. ஏழாவது படிக்கும் மகள் சர்ச்சில் பாட்டுக்கு வாசிக்க ஆசைப்பட்டாள் என்று அவ்வளவு பணம் புரட்டியிருக்கிறார். விற்றவர்களிடம் அடாப்டர் இல்லை. வீட்டில் இன்டர்நெட் பெட்டிக்கு வந்த அடாப்டர் கண்ணில் பட்டது. செருகிப் பார்த்தார். விளக்கு எரியவில்லை. பழைய சாமான், சூடேறி வரட்டும் என்று பத்து நிமிடம் அப்படியே விட்டார். அப்புறம் கருகல் நாற்றம்.

“பின்னு கரெக்டா உக்காந்துச்சுண்ணா. லூஸு கூட இல்ல. அப்புறம் எப்டிண்ணா எரியும்?”

அவர் கேட்டதில் தப்பே இல்லை. சைக்கிள் டியூப் வால்வு பொருந்தினால் காற்று ஏறும், தண்ணீர்க் குழாய் மரை பொருந்தினால் தண்ணீர் வரும். பொருந்தினால் சரி என்றுதான் நம் கைக்குப் பழக்கம். அடாப்டர் பின் மட்டும் அந்தப் பழக்கத்துக்கு அடங்குவதில்லை. வெளிவட்டம் 5.5 மில்லிமீட்டர், நடுத்துளை 2.1 மில்லிமீட்டர் என்ற அந்த உருளைப் பின், 5 வோல்ட் அடாப்டரிலும் வரும், 9 வோல்ட்டிலும் வரும், 12 வோல்ட்டிலும் வரும். உள்ளே நடுவில் பிளஸ் இருக்கலாம், மைனஸும் இருக்கலாம். செருகுவதைத் தடுக்க அந்தப் பின்னில் எதுவுமே இல்லை.

கீபோர்டை நான் உடனே திறக்கவில்லை. முதலில் திருப்பிப் போட்டேன். மாற்று அடாப்டர் தேடும்போது பலரும் அடாப்டரைத்தான் முதலில் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது கருவியை. அதற்கு என்ன வேண்டும் என்பது அதன் அடிவயிற்றில்தான் எழுதியிருக்கும். இதில் ‘டிசி 9 வோல்ட்’ என்பது தெளிவாக இருந்தது. பக்கத்தில் ஒரு சின்ன வட்டப் படம் இருந்திருக்க வேண்டும், நடு எது, வெளி எது என்று காட்டும் படம். அதன் மேல் யாரோ பெயர் எழுதிய ஸ்டிக்கரை ஒட்டியிருந்தார்கள். ஸ்டிக்கரைப் பிய்த்ததும் படமும் பாதி கூடவே வந்துவிட்டது.

குறி அழிந்துவிட்டால் வேறு வழி உண்டு. பேட்டரி போடும் அறையைத் திறந்து பாருங்கள். இதில் ஆறு பெரிய செல் போடும் இடம் இருந்தது. செல் ஒன்று 1.5 வோல்ட், வரிசையாக ஆறு என்றால் 9 வோல்ட். அடியில் எழுதியிருந்த வோல்ட்டை இது உறுதி செய்தது. எழுத்து முழுக்க அழிந்திருந்தால்கூட, செல்களை எண்ணினால் எதிர்பார்க்க வேண்டிய வோல்ட் எது என்று தெரிந்துவிடும். அடுத்தது துருவம், அதாவது பிளஸ் எந்தப் பக்கம், மைனஸ் எந்தப் பக்கம் என்பது. மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் (இரண்டு முனையும் உள்ளே இணைந்திருந்தால் பீப் அடிக்கும்) வைத்து, பேட்டரி அறையின் கடைசி மைனஸ் ஸ்பிரிங்கில் ஒரு முனை, அடாப்டர் பின் செருகும் ஜாக்கின் நடு முள்ளில் இன்னொரு முனை வைத்தேன். பீப் சத்தம் கேட்டது. நடு முள்தான் மைனஸ்.

வழக்கமான இன்டர்நெட் பெட்டி அடாப்டர் எப்படி இருக்கும்? 12 வோல்ட், நடு பிளஸ். அவர் கையில் இருந்ததும் அதேதான், 12 வோல்ட், 1.5 ஆம்பியர். அதாவது வோல்ட்டும் தப்பு, துருவமும் தலைகீழ்.

நடுவில் மைனஸ் வைப்பதைப் பார்த்து யாரோ ஏடாகூடமாகச் செய்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அந்த ஜாக்கில் மூன்றாவதாக ஒரு கால் இருக்கும். பின் செருகாதபோது வெளிப்பட்டையின் ஸ்பிரிங் அந்தக் காலைத் தொட்டுக்கொண்டு நிற்கும். பின் உள்ளே போனதும் தள்ளி விலகிவிடும். பேட்டரியின் பிளஸை அதன் வழியாகக் கொண்டுவந்தால், அடாப்டர் செருகிய நொடியில் பேட்டரி தானாகவே கழன்றுகொள்ளும். அதற்கு வெளிப்பட்டை பிளஸாக இருக்க வேண்டும், நடு மைனஸாக இருக்க வேண்டும். செல்லிலும் கரண்டிலும் ஓடும் பழைய கருவிகள் பலவற்றில் இந்த ஏற்பாடு இருக்கும். கிட்டார் சத்தத்தை மாற்றக் காலால் அழுத்தும் சின்னப் பெட்டிகளான கிட்டார் பெடல்கள் இன்று வரை இப்படித்தான் வருகின்றன.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே கம்பெனியே காலப்போக்கில் இதை மாற்றிக்கொள்ளும். காசியோவின் பழைய கீபோர்டுகளுக்கு வந்த ஏடி-5 அடாப்டர் 9 வோல்ட், 850 மில்லிஆம்பியர், நடு மைனஸ். பிற்காலத்தில் வந்த ஏடி-ஈ95100 வகை 9.5 வோல்ட், 1 ஆம்பியர், நடு பிளஸ். யமஹா வீட்டுக் கீபோர்டுகளின் பிஏ-130 போன்றவை 12 வோல்ட், நடு பிளஸ். ‘காசியோ அடாப்டர் கொடுங்க’, ‘கீபோர்டு அடாப்டர் கொடுங்க’ என்று கேட்டு வாங்கினால் எது கையில் வரும் என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. மாடல் எண்ணைச் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

உள்ளே நடந்தது

திறந்தேன். ஜாக்குக்குப் பக்கத்திலேயே குறுக்காக ஒரு டயோடு, மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் சின்னப் பாகம். துருவம் மாறி வந்தால் தானே ஷார்ட் ஆகி, உள்ளே இருப்பவற்றைக் காப்பாற்றுவதற்காகவே வைத்தது. அது கருகி, இரண்டு பக்கமும் பீப் சத்தம் கொடுத்தது. அதற்கு முன்னால் இருந்த சின்ன காயிலும் கறுத்திருந்தது. அந்தப் பத்து நிமிடமும் அடாப்டர் கொடுத்த கரண்ட் முழுவதையும் இந்த இரண்டும்தான் தாங்கியிருக்கின்றன. உள்ளே இருந்த 5 வோல்ட் ரெகுலேட்டர், ஒலி ஐசி, பெரிய ஐசி எல்லாம் பிழைத்திருந்தன. நல்ல நேரம்தான். அந்த டயோடு இல்லாத கருவிகளையும் பார்த்திருக்கிறேன். பெரிய ஐசி போய்விட்டால் இருபது வருடப் பழைய கீபோர்டுக்கு அது எங்கே கிடைக்கும்? அப்படி வருவதைச் சரி செய்ய முடியாது என்று சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

டயோடு, காயில் இரண்டையும் மாற்றினேன். தலைகீழ் மின்சாரம் பட்ட கண்டென்சரை நம்பக் கூடாது என்பதால், 1,000 மைக்ரோஃபேரட் கண்டென்சரையும் மாற்றினேன். சாமான் செலவு 60 ரூபாய், கூலி 300.

அவர் மனதில் உறுத்திக்கொண்டிருந்தது வேறு விஷயம். “கீபோர்டுக்கு எண்ணூத்தம்பது மில்லிதான்னு அந்த வீட்டுக்காரங்க சொன்னாங்க. நான் ஒன்றரை ஆம்பியர் போட்டுட்டேன். அதிகமா போயிதான் எரிஞ்சிடுச்சாண்ணா?”

பழைய வட ஆற்காடு முழுக்க, வாலாஜா, ஆரணி, வாணியம்பாடி, போளூர் என்று எங்கிருந்து வந்தாலும் என்னிடம் இந்தக் கேள்வியைத்தான் கேட்கிறார்கள். பயப்படத் தேவையில்லாத எண்ணைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், பயப்பட வேண்டியதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அடாப்டரில் எழுதியிருக்கும் ஆம்பியர், அது எவ்வளவு வரை கொடுக்க முடியும் என்ற அளவு. கிணற்றில் எவ்வளவு தண்ணீர் கிடந்தாலும் நாம் இறைக்கும் அளவுதான் மேலே வரும். 850 மில்லி கேட்கும் கீபோர்டுக்கு 1 ஆம்பியரும் சரி, 2 ஆம்பியரும் சரி. குறைவாக இருந்தால்தான் வம்பு. 500 மில்லி அடாப்டர் போட்டால் அதுதான் சூடேறும். தாளத்தைச் சத்தமாக வைத்ததும் கீபோர்டு அணைந்து மறுபடி எழும்.

வோல்ட் அப்படியில்லை. துருவம் சரியாக இருந்து 12 வோல்ட் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். உள்ளே இருக்கும் ரெகுலேட்டர் 5 வோல்ட்டை வைத்துக்கொண்டு மீதியைச் சூடாக விடும் வகை. 0.3 ஆம்பியர் ஓடினால், 9 வோல்ட்டில் மீதி 4 வோல்ட், 1.2 வாட் சூடு. 12 வோல்ட்டில் மீதி 7 வோல்ட், 2.1 வாட் சூடு. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அன்றே எரியாது. வாசித்துக்கொண்டே இருப்பார்கள், ஒருநாள் பாட்டு நடுவில் போகும், காரணம் யாருக்கும் தெரியாது.

மூன்று அடாப்டர்கள்

கீபோர்டு உயிர்பெற்றது. கடையின் பெஞ்ச் சப்ளையில் (வேண்டிய வோல்ட்டை வைத்துக்கொள்ளும் பெட்டி) 9 வோல்ட் கொடுத்து ஒரு மணி நேரம் ஓட விட்டேன். தாளத்தோடு சத்தமாக வாசித்தபோதும் 0.6 ஆம்பியரைத் தாண்டவில்லை. இனி அவருக்கு ஒரு அடாப்டர் வேண்டும்.

முதலாவது, அவரே குடியாத்தம் பஜாரில் வாங்கி வந்தது. பழைய கால பேட்டரி எலிமினேட்டர். 3-லிருந்து 12 வோல்ட் வரை திருப்பும் ஸ்விட்ச், துருவம் மாற்ற இன்னொரு ஸ்விட்ச், ஆறு வகைப் பின். பார்த்தால் எல்லாவற்றுக்கும் ஆகும் போலத் தோன்றும். 9 வோல்ட்டில் வைத்து, லோடு இல்லாமல், அதாவது எந்தக் கருவியையும் மாட்டாமல் அளந்தேன். 13.4 வோல்ட். உள்ளே டிரான்ஸ்ஃபார்மர், டயோடு, கண்டென்சர் மட்டும். கட்டுப்படுத்தும் சர்க்யூட் கிடையாது. எழுதியிருக்கும் ஆம்பியர் முழுக்க இழுத்தால்தான் 9-க்கு இறங்கும். பழைய வானொலிக்கு ஓரளவு தாங்கும். கீபோர்டில் போட்டால் ஸ்பீக்கரில் ‘ம்ம்’ என்ற இரைச்சலும் சேர்ந்து வரும். அதைவிட எனக்குப் பெரிய பயம் அந்த இரண்டு ஸ்விட்சுகள்தான். வீட்டில் சின்னப் பையன் ஒருவன் இருக்கிறான். விரல் நுனியால் ஒரு தட்டு தட்டினால் 12 வோல்ட், இன்னொரு தட்டில் துருவம் தலைகீழ். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இரண்டாவது, வேலூரில் ஒரு கடையில் நான் 120 ரூபாய் கொடுத்து வாங்கியது. ‘9 வோல்ட் 2 ஆம்பியர்’ என்று எழுதியிருந்தது. கையில் எடுத்ததுமே காற்றாடிபோல் இருந்தது. தயாரித்தவர் பெயர் இல்லை. இந்தியத் தர முத்திரை இல்லை. ‘சிஇ’ என்ற எழுத்து மட்டும் இருந்தது. அது தயாரிப்பாளர் தானே சொல்லிக்கொள்வது, நம் ஊரில் அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. வோல்ட் அளந்தால் 9.1, அழகாக நின்றது. இங்கேதான் பல பேர் ஏமாறுகிறார்கள். மல்டிமீட்டர் சரி என்று சொன்னால் அடாப்டர் பத்திரம் என்று அர்த்தம் இல்லை.

அதை உடைத்தேன். உடைத்துப் பார்க்கத்தான் வாங்கினேன். ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கம்பித்துண்டு. 230 வோல்ட் ஓடும் பக்கத்துக்கும் நம் கைபடும் பக்கத்துக்கும் இடையே போர்டில் ஒழுங்கான அடாப்டர்களில் 6 மில்லிமீட்டர் அளவுக்கு வெற்றிடம் விட்டிருப்பார்கள். சில நேரம் நடுவில் ஒரு பிளவே வெட்டியிருப்பார்கள். இதில் ஓர் இடத்தில் 2 மில்லிமீட்டர்கூட இல்லை. தூசி படியலாம், மழைக்காலத்தில் ஈரம் ஏறலாம், எறும்பு ஒன்று நடுவில் செத்துக் கிடக்கலாம். அன்றைக்கு 230 வோல்ட் அந்த 9 வோல்ட் ஒயர் வழியாக வரும். கீபோர்டில் கை வைத்து, ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது யார்? அந்தப் பிள்ளை. இதை எழுதும்போதுகூட எனக்கு மனசு பதறுகிறது. 120 ரூபாய்க்கும் 400 ரூபாய்க்கும் நடுவில் இருப்பது அந்த 4 மில்லிமீட்டர்தான். வெளியிலிருந்து பார்த்தால் அது தெரியவே தெரியாது.

வெளியிலிருந்து பார்க்கக்கூடியது தர முத்திரை ஒன்றுதான். மின்னணுப் பொருட்களுக்கான கட்டாயப் பதிவு ஆணை 2012-ல் வந்தது. அடாப்டர்கள் பின்னால் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. ஐஎஸ் என்று தொடங்கும் முத்திரையோடு, ஆர் என்ற எழுத்தும் எட்டு இலக்க எண்ணும் அடாப்டரில் இருக்க வேண்டும். அந்த எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டால் தயாரிப்பாளர் பெயரும் பொருளும் வரும். ஸ்டிக்கர் அச்சடிப்பது பெரிய வேலை இல்லை. அதனால் எண் இருந்தால் மட்டும் போதாது, செயலியில் வரும் பெயர் பெட்டியில் இருக்கும் பெயரோடு ஒத்துப்போக வேண்டும். கடையில் நின்றபடியே செய்யலாம், ஒரு நிமிட வேலை.

அப்படித் தேடினால் 9 வோல்ட்டில் முத்திரையோடு கிடைத்ததெல்லாம் நடு பிளஸ். ஒயரை வெட்டி, மாற்றி ஈயம் வைத்துவிடலாமே என்று தோன்றும். ஐந்து நிமிட வேலைதான். ஆனால் நான் செய்து தரவில்லை. மேலே நடு பிளஸ் என்று எழுதியிருக்கும், உள்ளே நடு மைனஸ் இருக்கும். இரண்டு வருடம் கழித்து அந்த அடாப்டர் வேறு ஒருவர் கைக்குப் போகும். அவர் குறியைப் படித்துத்தான் செருகுவார். குறியைப் படிக்கிறவரையும் ஏமாற்றும் பொருளை என் கையால் செய்து வெளியே விட எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவதுக்கான யோசனை கிட்டார் பெடல்களை நினைத்தபோது வந்தது. அவையும் 9 வோல்ட், அவையும் நடு மைனஸ், பின்னும் அதே 2.1. இசைக்கருவிக் கடையில் பெடலுக்கான அடாப்டர் கேட்டேன். 9 வோல்ட் டிசி, 1 ஆம்பியர், வட்டப் படத்தில் நடு மைனஸ், முத்திரை உண்டு, செயலியில் பெயர் ஒத்துப்போனது. 450 ரூபாய். பெடல் அடாப்டர்களில் 200, 300 மில்லியோடு நின்றுவிடுபவையும் நிறைய உண்டு. அவை இந்தக் கீபோர்டுக்குப் பத்தாது.

சும்மா அளந்தால் 9.2 வோல்ட். லோடு கொடுக்காமல் எந்த அடாப்டரையும் நான் நம்புவதில்லை. அதற்கு என்னிடம் இருப்பது பைக் இண்டிகேட்டர் பல்பு, 12 வோல்ட் 10 வாட். 9 வோல்ட்டில் அது ஏறக்குறைய 0.7 ஆம்பியர் இழுக்கும், இந்தக் கீபோர்டின் தேவையை ஒட்டிய அளவு. குளிர்ந்த பல்பு முதல் நொடியில் நிறைய இழுக்கும் என்பதால் சில நல்ல அடாப்டர்கள்கூட ஒருமுறை விக்கும், அதை வைத்துக் குறை சொல்லக் கூடாது. இது விக்கவில்லை. ஒரு மணி நேரம் எரிய விட்டேன். 9.0-வில் நின்றது. கையில் பிடித்தால் சூடு தெரிந்தது, பிடித்துக்கொண்டே இருக்க முடிந்தது. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் இந்தச் சோதனையைக் கடையின் மின்விசிறிக் காற்றில் செய்வது சரியில்லை என்று தோன்றியதால், மதியம் மாடியில் நிழலில் வைத்து இன்னொரு முறையும் செய்தேன்.

இதோடு சேர்ந்து வரும் வேறு சில

பழைய கருவி எல்லாவற்றுக்கும் இதே கணக்கு பொருந்தாது. அமெரிக்காவிலிருந்து உறவுக்காரர்கள் கொண்டுவரும் சாமான்களில் கருவியைவிட அடாப்டரின் உள்ளீட்டு வரியை முதலில் பார்க்க வேண்டும். ‘100–240’ என்றால் பயமில்லை. ‘120’ என்று மட்டும் இருந்தால் நம் 230 வோல்ட்டில் போட்ட கொஞ்ச நேரத்தில் போய்விடும். சில பழைய மோடங்களுக்கும் மிக்சர்களுக்கும் அடாப்டரிலிருந்து வருவதே ஏசி. நேர்க்கோட்டின் கீழ் மூன்று சிறு கோடுகள் இருந்தால் டிசி, அலைபோல் வளைந்திருந்தால் ஏசி. அவற்றை ஒன்றுக்கொன்று மாற்றக் கூடாது. படிப்பு முடிந்து ஊருக்குப் போகும் மாணவர்கள் விற்றுவிட்டுப் போகும் லேப்டாப்களில் வேறு கதை. சிலவற்றின் பின்னுக்குள் மெல்லிய மூன்றாவது முள் இருக்கும். சார்ஜர் யாருடையது என்று லேப்டாப்பிடம் சொல்வது அதுதான். வோல்ட் சரியாக இருந்தும் சார்ஜ் ஏறவில்லை என்றால் பெரும்பாலும் அங்கேதான் கோளாறு.

மருத்துவக் கருவிக்கு மட்டும் நான் அடாப்டர் தேடித் தருவதில்லை. சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வந்து வேலூரில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் குடும்பங்கள், பழையதாக வாங்கிய சிபேப் கருவி (தூக்கத்தில் மூச்சுக்கு உதவக் காற்றை அழுத்தித் தருவது), நெபுலைசர் என்று எடுத்து வருவதுண்டு. உடம்போடு சேர்த்துப் பயன்படுத்தும் கருவிகளுக்குக் கசியும் மின்சாரத்தின் வரம்பே வேறு, அதற்கென்று தனித் தர விதி இருக்கிறது. வோல்ட்டும் பின்னும் ஒத்துப்போனாலும் அந்தக் கம்பெனி அந்த மாடலுக்கென்று சொல்லும் அடாப்டரைத்தான் வாங்கச் சொல்கிறேன். இரவு முழுக்க ஓட வேண்டியது அது.

ஒப்படைத்த நாளில்

அவரும் மகளும் வந்தார்கள். பெடல் அடாப்டரின் ஒயரில், பின்னுக்கு அருகில், ஒரு வெள்ளை டேப் சுற்றி ‘கீபோர்டு, 9 வோல்ட், நடு மைனஸ்’ என்று எழுதியிருந்தேன். இன்டர்நெட் பெட்டி அடாப்டரிலும் அதேபோல் சிவப்பு டேப். பின் ஒன்றேதான் என்பதால், வீட்டில் ஒருநாள் இரண்டும் இடம் மாறாது என்று யாரும் சொல்ல முடியாது. கீபோர்டின் ஜாக்குக்கு மேலும் அழிந்துபோன வட்டப் படத்தை மார்க்கரில் வரைந்து, மேலே தெளிவான டேப் ஒட்டினேன். பேட்டரி அறையின் ஸ்பிரிங்குகள் பழைய செல் கசிந்து பச்சை பூத்திருந்தன. இரண்டு முழுக்க அரித்துப் போய்விட்டன. அந்த அளவில் ஸ்பிரிங் கிடைக்கவில்லை என்பதால் செல்லில் ஓடும் வசதி இன்னும் திரும்பவில்லை.

ஆகஸ்ட்டில் ஒருமுறை குடியாத்தம் பக்கம் போனபோது அவர் வீட்டில் நின்று பார்த்தேன். தகர ஷீட் போட்ட அறை, சுவரோடு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதன் மேல் ஒரு துணி மடித்துப் போட்டிருந்தது. துணியை மட்டும் எடுக்கச் சொன்னேன். அடாப்டரைத் தொட்டுப் பார்த்தேன், மிதமான சூடு. ஸ்பிரிங் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.